கினிசியோலொஜியில் தொழில்முறை மாஸ்டர்ஸ்: ஒன்ராறியோவில் படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோவில் பதிவுபெற்ற கினிசியோலொஜிஸ்ட்டாக வேலை செய்கிறேன். கல்யாண வீட்டிலும் வட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. பதில்கள் ஒன்ராறியோவுக்கானவை. வேறு மாகாணமோ நாடோ வந்தால் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கினிசியோலொஜி என்றால் என்ன? ஜிம்மில எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கிற வேலையா?

மனித உடல் எப்படி அசைகிறது, ஏன் அசைய முடியாமல் போகிறது, போனதை எவ்வளவு தூரம் மீட்கலாம் என்று படிக்கும் துறை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்ப்பொறிமுறை, மூளை அசைவைக் கட்டுப்படுத்தும் விதம், பழக்கத்தை மாற்றும் உளவியல் எல்லாம் இதில் வரும்.

ஜிம்மில் வேலை செய்கிறவர்களும் உண்டு. ஆனால் மாரடைப்பு வந்தவரைத் திரும்ப நடக்க வைக்கும் இடங்களிலும், விபத்துக்குப் பிறகான மறுவாழ்வு நிலையங்களிலும், தொழிற்சாலைகளிலும்தான் எங்களை அதிகம் காணலாம். தொழிற்சாலையில் என்ன வேலை என்று பலர் கேட்பதுண்டு. பாரம் தூக்குவதற்கு நையோஷ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சமன்பாடு ஒன்று இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் தூக்கக்கூடிய எல்லை 23 கிலோவில் தொடங்கும். பெட்டி உடம்பை விட்டுத் தள்ளி இருந்தால், திரும்பிக்கொண்டு தூக்கினால், நிமிடத்துக்குப் பலமுறை தூக்கினால் அந்த எண் விறுவிறுவென்று இறங்கும். அதைக் கணக்குப் பார்த்து, "இவருடைய முதுகுக்கு ஊசி தேவையில்லை, மேசையை உயர்த்துங்கள்" என்று முதலாளியிடம் சொல்வதும் எங்கள் வேலைதான்.

அப்ப அது பிசியோதானே?

இல்லை. இரண்டும் ஒரே நோயாளியை, ஒரே அறையில்கூடப் பார்க்கலாம். ஆனால் சட்டம் கொடுத்த அதிகாரம் வேறு. ஒன்ராறியோவில் ஆபத்து கூடிய சில செயல்களைச் சட்டம் தனியாகப் பட்டியலிட்டிருக்கிறது. நோய் இன்னது என்று கண்டறிந்து நோயாளியிடம் சொல்வது, முள்ளந்தண்டைச் சடக்கென்று அசைத்துச் சரிசெய்வது போன்றவை அதில் அடங்கும். பிசியோதெரபிஸ்டுக்கு இவற்றில் சில அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. கினிசியோலொஜிச் சட்டம் எங்களுக்கு அவற்றில் ஒன்றைக்கூடத் தரவில்லை.

எங்களுக்குச் சட்டம் கொடுத்த எல்லை, அசைவையும் செயற்திறனையும் மதிப்பிடுவது, பேணுவது, மீட்பது, மேம்படுத்துவது. உங்கள் தோளை எவ்வளவு உயர்த்த முடிகிறது, எங்கே நோகிறது, எந்தத் தசை வலுவிழந்திருக்கிறது என்று நான் சொல்லலாம். "உங்களுக்குத் தசைநார் கிழிந்திருக்கிறது" என்று நான் சொல்லக்கூடாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஒருத்தர் என்ர கையை நீட்டச் சொல்லி, மற்றக் கையில விற்றமின் போத்தலைத் தந்து, அமுக்கிப் பார்த்து "இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது" எண்டார். அதுவும் கினிசியோலொஜி எண்டுதான் சொன்னார்?

அது வேறு சரக்கு. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிரக்டர் தொடங்கிய முறை. "அப்ளைட் கினிசியோலொஜி" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று அமுக்குபவருக்கும் தெரியாமல், கை நீட்டுபவருக்கும் தெரியாமல் மறைத்துச் செய்த சோதனைகளில் அது குருட்டு ஊகத்தைவிட மேலாகத் தேறவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் கினிசியோலொஜிக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. விளையாட்டு வீரர்கள் ஒட்டும் வண்ண வண்ண நாடா இன்னொரு கதை. அது ஜப்பானில் கென்சோ காசே என்பவர் உருவாக்கிய பொருள், பட்டப்படிப்பு அல்ல.

பதிவுபெற்ற கினிசியோலொஜிஸ்ட் ஆக மாஸ்டர்ஸ் கட்டாயமா?

இல்லை. இதைத் தெரியாமல் மாஸ்டர்ஸுக்குக் காசு கட்டியவர்களைச் சந்தித்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கினிசியோலொஜிச் சட்டம் 2007இல் நிறைவேறி, 2013 ஏப்ரல் 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒன்ராறியோவில் "கினிசியோலொஜிஸ்ட்" என்ற பட்டத்தைப் பதிவு இல்லாமல் யாரும் போட்டுக்கொள்ள முடியாது. பதிவுக்கு அடிப்படை நான்கு வருட கினிசியோலொஜி இளமாணிப் பட்டம், அல்லது அதற்கு ஈடானது என்று ஏற்கப்படும் பட்டம். அதன்மேல் நுழைவுத் தேர்வு, சட்டமும் நெறிமுறையும் பற்றிய பகுதி, நன்னடத்தைச் சான்று, தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி.

பதிவு செய்யும் அமைப்பின் பெயரில் "கல்லூரி" என்று இருக்கும். அங்கே வகுப்பு நடக்காது. பொதுமக்களைப் பாதுகாப்பதற்காக எங்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அது. "எந்தக் கல்லூரியில சேர்ந்தனீங்கள்?" என்று கேட்கும் மாமாக்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

கட்டாயம் இல்லையெண்டால் பிறகு ஏன் படிக்க வேணும்?

நியாயமான கேள்வி. பலருக்குத் தேவையே இல்லை. இளமாணி முடித்து, பதிவு எடுத்து, ஒரு நல்ல நிலையத்தில் மூத்தவர் ஒருவரின் கீழ் வேலை பழகியவர் மாஸ்டர்ஸ் முடித்தவருக்குக் குறைந்தவர் அல்ல.

தேவைப்படுவது மூன்று வகையினருக்கு என்பது என் கணிப்பு. இளமாணியில் ஆய்வுகூடமும் விரிவுரையும் மட்டுமே பார்த்து, உயிருள்ள நோயாளியைத் தொடாமல் வெளியே வந்தவர்கள். புற்றுநோய், இதயநோய், நாட்பட்ட வலி, மனநலம் போன்ற சிக்கலான நிலைமைகளில் வேலை செய்ய விரும்புகிறவர்கள். அங்கே ஒரே ஆளுக்கு நான்கு நோயும் ஒன்பது மாத்திரையும் இருக்கும், இளமாணிப் பாடம் போதாது. மூன்றாவது, வைத்தியசாலைகளில் திட்டம் நடத்தும் பொறுப்புக்குப் போக நினைப்பவர்கள். இந்த மூன்றிலும் நீங்கள் இல்லையென்றால், முதலில் ஒரு வருடம் வேலை செய்து பாருங்கள். மாஸ்டர்ஸ் எங்கும் ஓடிவிடாது.

தொழில்முறை மாஸ்டர்ஸ், ஆய்வு மாஸ்டர்ஸ் எண்டு ரெண்டு இருக்காமே. எது நல்லது?

ஆய்வு மாஸ்டர்ஸில் ஒரு பேராசிரியரின் கீழ் ஒரு கேள்வியை எடுத்து, தரவு சேர்த்து, ஆய்வேடு எழுதுவீர்கள். பெரும்பாலும் உதவித்தொகையோ கற்பித்தல் உதவியாளர் வேலையோ கூடவே வரும். முனைவர் பட்டத்துக்குப் போக நினைத்தால் இதுதான் நேர்வழி. விண்ணப்பிக்கும் முன்பே மேற்பார்வையாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தொழில்முறை மாஸ்டர்ஸில் ஆய்வேடு இல்லை. பாடங்கள், நோயாளி மதிப்பீட்டுப் பயிற்சி, வெளியிடங்களில் பிளேஸ்மென்ட், அதாவது மேற்பார்வையின் கீழ் வேலைப் பயிற்சி. மேற்பார்வையாளர் தேட வேண்டியதில்லை. கையில் காசும் வராது. கட்டணத்தை நீங்கள்தான் கட்டவேண்டும். எது நல்லது என்பதற்கு, ஒரு புதன்கிழமை மத்தியானம் நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தரவுக்கோப்புக்கு முன்னாலா, நடைபொறியில் நடக்கும் ஒருவருக்குப் பக்கத்திலா?

எங்கெங்க படிக்கலாம்?

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கினிசியோலொஜி மற்றும் உடற்கல்விப் பீடத்தில் "மாஸ்டர் ஒஃப் புரொஃபெஷனல் கினிசியோலொஜி" இருக்கிறது. எம்.பி.கே. என்பார்கள். முழுநேரமாக 16 மாதங்கள். வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடவழி "மாஸ்டர் ஒஃப் கினிசியோலொஜி" இருக்கிறது. அது விளையாட்டு, பயிற்றுவித்தல், உடல்நலம் என்று பரந்தது. 1967இலேயே கினிசியோலொஜித் துறை தொடங்கிய வாட்டர்லூவும், யோர்க், மக்மாஸ்டர், குவீன்ஸ், வெஸ்டர்ன் ஆகியவையும் பட்டமேற்படிப்பு நடத்துகின்றன. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. ஆகவே பாடத்திட்டத்தில் பிளேஸ்மென்ட் இருக்கிறதா, அதைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்கிறதா, நீங்களே அலைந்து தேட வேண்டுமா என்று கேளுங்கள். தரவரிசையைவிட அந்த ஒரு கேள்விக்கான பதில் பயன்படும்.

நான் படிச்சது பயோலொஜி. கினிசியோலொஜி இல்லை. எடுப்பினமா?

அனுமதி கிடைப்பதும் பதிவு கிடைப்பதும் இரண்டு தனித்தனிக் கதவுகள். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், புள்ளியியல் போன்ற அடிப்படைப் பாடங்கள் உங்கள் பட்டத்தில் இருந்தால் சில பல்கலைக்கழகங்கள் பரிசீலிக்கும். ஆனால் மாஸ்டர்ஸ் முடித்த பிறகு ஒழுங்குபடுத்தும் அமைப்பு உங்கள் இளமாணியைப் புரட்டிப் பார்க்கும். அதில் கினிசியோலொஜிக்குரிய பகுதிகள் குறைந்தால் மாஸ்டர்ஸ் சான்றிதழைக் காட்டி மட்டும் சமாளிக்க முடியாமல் போகலாம்.

அதனால் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், உங்கள் பாட விவரங்களோடு இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, மற்றது ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு. எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ "பிரச்சினை இருக்காது" என்று சொன்னது பிறகு எங்கும் செல்லாது.

எவ்வளவு மார்க்ஸ் வேணும்? கடிதம் ஆரிட்ட வாங்கிறது?

ரொறன்ரோவில் குறைந்தபட்சம் நடுத்தர "பி" சராசரி. குறைந்தபட்சம் என்பதைக் கவனியுங்கள். போட்டி இருக்கும் வருடத்தில் அது வாசலில் நிற்க மட்டும்தான் போதும்.

பரிந்துரைக் கடிதம் பெரிய பெயருள்ள பேராசிரியரிடமிருந்து வரவேண்டும் என்று நினைக்கிறார்கள். 400 பேர் இருந்த வகுப்பில் உங்கள் முகமே தெரியாத ஒருவர் எழுதும் கடிதம் இரண்டாவது வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வுகூடத்தில் உங்களைப் பார்த்த ஒருவரிடமும், நீங்கள் தொண்டு செய்த இடத்தில் மேற்பார்த்த ஒருவரிடமும் கேளுங்கள். சுயவிளக்கக் கட்டுரையில் "சிறுவயதிலிருந்தே எனக்கு விளையாட்டில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். யாருக்கு என்ன செய்தீர்கள், அப்போது உங்களுக்கு எது தெரியாமல் இருந்தது என்று எழுதினால் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிளேஸ்மென்ட் எண்டால் ஃபைல் அடுக்கிறதா, உண்மையா ஏதாவது செய்ய விடுவினமா?

இடத்தைப் பொறுத்தது. நல்ல இடம் கிடைத்தால் படிப்பின் பெறுமதியே அதில்தான் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதய மறுவாழ்வு, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தால் ஆறு கிழமை படுக்கையை விட்டு எழும்ப விடமாட்டார்கள். ரொறன்ரோவில் டெரன்ஸ் கவனா என்ற வைத்தியர் 1968இல் இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1973இல் மாரடைப்பிலிருந்து மீண்ட ஏழு பேரை பொஸ்ரன் மரதனில் ஓட வைத்தார். மருத்துவ உலகம் வாயடைத்துப்போனது. இன்று ரொறன்ரோவில் இதயச் சத்திரசிகிச்சை முடித்தவருக்கு மறுவாழ்வுத் திட்டத்தில் சேரச் சொல்வது சாதாரணம்.

அங்கே மாணவராகப் போனால் முதலில் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பிறகு இரத்த அழுத்தம் எடுப்பீர்கள், நடைச் சோதனை செய்வீர்கள், பயிற்சித் திட்டம் எழுதி மேற்பார்வையாளரிடம் திருத்தம் வாங்குவீர்கள். புத்தகத்தில் "வயதை 220இலிருந்து கழி, அதில் இத்தனை வீதம்" என்று படித்தது அங்கே உதவாது. பாதிப் பேர் பீட்டா புளொக்கர் மாத்திரை எடுப்பார்கள். அது இதயத்துடிப்பை ஏறவிடாது. ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார், கருவி 95 என்று அமைதியாகக் காட்டும். அப்போது 6இலிருந்து 20 வரையான போர்க் அளவுகோலில் எவ்வளவு கஷ்டம் என்று கேட்கவேண்டும், கதைத்துக்கொண்டு நடக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். இதை விரிவுரையில் யாரும் உங்களுக்குள் ஏற்ற முடியாது.

தொடங்கும் முன் தடுப்பூசி விவரம், பொலிஸ் சரிபார்ப்பு, முதலுதவிச் சான்று எல்லாம் கேட்பார்கள். பொலிஸ் சரிபார்ப்பு வரக் கிழமைக்கணக்கில் ஆகலாம். அனுமதிக் கடிதம் வந்த கையோடு தொடங்குங்கள்.

தமிழ் தெரிஞ்சால் ஏதும் பிரயோசனம் இருக்கா?

இருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் வருகின்றன. இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கை எல்லையே எங்கள் ஆட்களுக்குத் தனி. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்து நிலையங்களில் இதனால் எங்கள் அம்மா அப்பா வயதுக்காரர் நிறைய வருகிறார்கள்.

மொழி மட்டும் தெரிந்தால் போதாது, வீட்டு நடைமுறையும் தெரிய வேண்டும். இன்சுலின் போடும் அம்மா வெள்ளிக்கிழமை விரதம் பிடித்துக்கொண்டு பயிற்சிக்கு வருவார். கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார். கந்தசஷ்டி என்றால் ஆறு நாள். இரத்தத்தில் சீனி 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் வேகமான சர்க்கரை, 15 நிமிடத்தில் திரும்பப் பார்ப்பது என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். ஆனால் "அம்மா, இண்டைக்கு என்ன நாள், சாப்பிட்டனீங்களா?" என்று முதலிலேயே கேட்கத் தெரிந்தவர் அந்த நிலைமையையே வரவிடமாட்டார். வைத்தியரிடம் கதைத்து விரத நாளுக்கு மருந்தை மாற்றிக்கொள்ளச் சொல்வதும், பயிற்சியை வேறு நாளுக்குத் தள்ளுவதும் சின்ன விஷயங்கள்தான். விரதத்தை விடு என்று சொன்னால் அடுத்த கிழமை அவர் வரவேமாட்டார்.

இதை விண்ணப்பக் கட்டுரையிலும் எழுதலாம். ஆனால் "எனக்குத் தமிழ் தெரியும்" என்று மட்டும் எழுதாமல், அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

பிசியோவுக்குப் போட்டேன், கிடைக்கேல்லை. இந்த மாஸ்டர்ஸை முடிச்சிட்டுத் திரும்பப் போட்டால் சான்ஸ் கூடுமா அக்கா?

எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான், பதிலும் அதிகம் பிடிக்காத பதில். ஒன்ராறியோவில் பிசியோ படிப்புகளுக்கு ஓர்பாஸ் என்ற பொது மையத்தின் வழியாக விண்ணப்பிக்கிறீர்கள். அங்கே சராசரி கணிப்பது பொதுவாக உங்கள் கடைசி இரண்டு வருட இளமாணிப் பாடங்களை வைத்து. மாஸ்டர்ஸில் "ஏ பிளஸ்" எடுத்தாலும் அந்த எண் ஏறாது. புள்ளியை உயர்த்துவதுதான் நோக்கமென்றால் கூடுதல் இளமாணிப் பாடங்கள் எடுப்பது மலிவு. எந்தப் பாடங்கள் கணக்கில் சேரும் என்று ஓர்பாஸ் வழிகாட்டியில் அந்த வருட விதியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பிளேஸ்மென்ட் அனுபவம் நேர்முகத்தில் உதவலாம், அது உண்மை. ஆனால் அதற்காகவே 16 மாதமும் பெருந்தொகையும் செலவழிப்பது வீண். கினிசியோலொஜிஸ்ட்டாக வேலை செய்வதில் சந்தோஷம் இருந்தால் படியுங்கள். பிசியோ ஆக முடியாத கவலையில் படித்தால் இரண்டாவது பருவத்திலேயே சலிப்பு வந்துவிடும். வகுப்பில் அப்படிப் பட்டவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான் கோயம்புத்தூரில் பி.பி.டி. முடித்தேன். கனடாவில் எம்.பி.கே. படித்தால் பிசியோவாக வேலை செய்யலாமா?

முடியாது. மேலே பிசியோ பற்றிய பதிலில் சொன்னதுபோல இரண்டும் வெவ்வேறு பதிவு. எம்.பி.கே. உங்களை பிசியோதெரபிஸ்ட் ஆக்காது. உங்களிடம் ஏற்கெனவே பிசியோப் பட்டம் இருக்கிறது. அதைக் கனடாவில் மதிப்பிடுவது பிசியோதெரபி ஒழுங்குபடுத்துநர்களின் கூட்டமைப்பான கேப்பர். அங்கே சான்றிதழ் மதிப்பீடு, பிறகு தகுதித் தேர்வு, பிறகு மாகாணப் பதிவு. வெளிநாட்டில் படித்த பிசியோக்களுக்காக ரொறன்ரோ பல்கலைக்கழகம் நடத்தும் இணைப்புப் பயிற்சியும் உண்டு.

முகவர்கள் சிலர் "கினிசியோலொஜி மாஸ்டர்ஸ் எடுத்தால் பிசியோவுக்கு எளிதாக மாறிக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அப்படி ஒரு மாற்றுக் கதவு இல்லை. கேப்பர் மதிப்பீட்டை ஊரில் இருந்தபடியே தொடங்கலாம். பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. அதன் முடிவு வந்த பிறகு மாஸ்டர்ஸ் வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஸ்டூடன்ட் விசாவில் வந்து படித்தால் பிறகு வேலை அனுமதி கிடைக்குமா?

2024 பெப்ரவரி 15 முதல், தகுதியுள்ள மாஸ்டர்ஸ் படிப்பு இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும், எட்டு மாதங்களாவது இருந்தால், மூன்று வருட வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி செய்தார்கள். 16 மாதப் படிப்பு அதற்குள் வரும். குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அரசின் தளத்தில் உள்ளதைப் பாருங்கள்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. குடிவரவு மருத்துவப் பரிசோதனை செய்யாமல் வந்தவர்களின் அனுமதித் தாளில் சுகாதாரத் துறையில் வேலை செய்யக்கூடாது என்று நிபந்தனை எழுதப்பட்டிருக்கலாம். அந்தத் தாளோடு வைத்தியசாலைப் பிளேஸ்மென்டுக்குப் போக முடியாது. அனுமதி கையில் வந்ததும் சிறிய எழுத்தையும் வாசியுங்கள். பிளேஸ்மென்டுக்குத் தனி அனுமதி தேவையா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

போட்ட காசு திரும்ப வருமா?

வெளிநாட்டு மாணவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. உள்ளூர் மாணவருக்கு ஓசாப் கடனுதவி இருக்கிறது.

வருமானத்துக்கு ஒரு அளவுகோல் தருகிறேன். ஒன்ராறியோவில் வாகன விபத்துக் காப்புறுதி எந்தத் தொழிலுக்கு மணித்தியாலத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்று 2014ஆம் ஆண்டு வழிகாட்டி ஒன்று நிர்ணயித்தது. சாதாரணக் காயங்களுக்கு பிசியோவுக்கு 99.75 டொலர், கினிசியோலொஜிஸ்ட்டுக்கு 58.19 டொலர். அது நிலையத்துக்குப் போகும் தொகை, உங்கள் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. மாஸ்டர்ஸ் வைத்திருந்தால் கூடுதல் என்று அந்தப் பட்டியலில் எந்த வரியும் இல்லை. ஆகவே கிளினிக் வேலைக்காக மட்டும் படித்தால் கணக்கு இடிக்கும். வைத்தியசாலை, வேலைக்குத் திரும்புதல் மேலாண்மை, எர்கோனொமிக்ஸ் (வேலையிடத்தை உடம்புக்கு ஏற்ற மாதிரி அமைப்பது) பக்கம் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் நன்றாக வரும்.

சி.எஸ்.சி.எஸ்., சி.ஈ.பி. எண்டெல்லாம் பெயருக்குப் பின்னால போடினம். எல்லாம் எடுக்க வேணுமா?

எல்லாம் வேண்டாம், போகும் திசைக்கு ஒன்று போதும். சி.ஈ.பி. என்பது கனடிய உடற்பயிற்சி உடற்றொழிலியல் சங்கத்தின் சான்றிதழ், நோயாளிகளோடு வேலை செய்பவர்களுக்கு. சி.எஸ்.சி.எஸ். அமெரிக்காவிலிருந்து வருவது, விளையாட்டு வீரர்களுக்கு வலுப்பயிற்சி கொடுப்பவர்களுக்கு. அதற்கு 2030 முதல், அங்கீகாரம் பெற்ற படிப்பிலிருந்து பட்டம் கேட்கப்போகிறார்கள். பின்னால் எழுத நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைப் பக்கம் என்றால் எர்கோனொமிஸ்ட் சான்றிதழ்.

கல்கரிக்கோ மொன்றியலுக்கோ மாறினால் என்ர பதிவு செல்லுமா? அமெரிக்காவுக்கு?

கனடாவில் இந்தத் தொழிலைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்திய முதல் மாகாணம் ஒன்ராறியோ. அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா, கியூபெக் பக்கங்களில் தொழில்சார் சங்கத்தின் உறுப்புரிமைதான் அடையாளமாக இருந்து வந்திருக்கிறது. காப்புறுதி நிறுவனங்களும் அதைத்தான் கேட்கும். போகும் மாகாணத்தின் சங்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். மொன்றியலுக்கு நல்ல பிரெஞ்சு வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் கினிசியோலொஜிஸ்ட் என்று அரச உரிமம் கிடையாது. அங்கே பதிவுள்ள பக்கத்துத் தொழில் அத்லெற்றிக் டிரெய்னர். அதற்கு இப்போது மாஸ்டர்ஸ் மட்டத்தில் தனி அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும், எம்.பி.கே. அதற்குப் பதிலாகாது.

படிக்கேக்க தெரிஞ்ச ஆக்களுக்கு வீட்ட போய் பயிற்சி குடுத்து காசு வாங்கலாமோ? இன்ஸ்டாகிராமில கினிசியோலொஜிஸ்ட் எண்டு போடலாமோ?

பயிற்சி கொடுப்பதற்குத் தடையில்லை, தனிப்பயிற்சியாளருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் மேலே பதிவு பற்றிச் சொன்னேனே, அந்தப் பட்டப்பெயரைத் தொடாதீர்கள். "வருங்கால கினிசியோலொஜிஸ்ட்", தமிழில் "அசைவியல் நிபுணர்" என்றெல்லாம் சுற்றி வளைத்துப் போடுவதும் புத்திசாலித்தனம் அல்ல. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் நடத்தையைப் பார்ப்பார்கள். "கினிசியோலொஜி மாணவர்" என்று போடுங்கள், அது உண்மை. காப்புறுதிக்குக் கொடுக்க ரசீது கேட்டால் கொடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதுசாப் பதிவு எடுத்தனான். வேலை செய்யிற கிளினிக்கில நான் பாக்காத ஆக்களுக்கும் என்ர பேரில பில் போகுது போல கிடக்கு. ஓனர் "அது ஒஃபிஸ் வேலை, நீர் கவலைப்படாதையும்" எண்டுறார். என்ன செய்யிறது?

கவலைப்பட வேண்டும். உங்கள் பதிவு எண்ணில் போகும் ஒவ்வொரு பில்லுக்கும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு உங்களிடம்தான் கேட்கும். "எனக்குத் தெரியாது" என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஓனருக்குப் பதிவே இல்லாமலும் இருக்கலாம், அப்படியென்றால் இழப்பதற்கு உரிமம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். எங்கள் சமூகத்துக்குள்ளேயே தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வேலைக்குச் சேர்வதால் இதைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள்.

வாகன விபத்துப் பில்கள் ஒன்ராறியோவில் எச்.சி.ஏ.ஐ. என்ற மின்வழித் தளத்தின் ஊடாகப் போகின்றன. எந்தெந்த நிலையங்கள் உங்களைத் தங்கள் பட்டியலில் சேர்த்திருக்கின்றன, உங்கள் பெயரில் என்ன பில் போயிருக்கிறது என்று நீங்களே பார்க்க அங்கே பதிவுபெற்றவர்களுக்கான கண்காணிப்புக் கருவி ஒன்று இருக்கிறது. இன்றைக்கே கணக்குத் திறந்து பாருங்கள். நீங்கள் பார்த்தவர்களின் பெயர், நாள், நேரம் உள்ள உங்கள் சொந்தக் குறிப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள், ஒழுங்குபடுத்தும் அமைப்பின் ஆலோசனைப் பிரிவை அழையுங்கள், தேவையென்றால் சட்டத்தரணி ஒருவரையும் பாருங்கள். வேலையை விட்டுப் போவதென்றால், அந்த நிலையத்தின் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் எடுக்கப்பட்டதா என்று ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.